1948-உம் இரண்டு காதுகளும்: கொங்கு நாட்டுத் தறிச் சத்தத்தின் வரலாறு

(ஒலிப்பதிவை எழுத்தாக்கி, வாசிப்புக்கு ஏற்பத் திருத்திய வடிவம்)

இன்றைய பகுதியில் ஒரே ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறோம். அந்த வருஷம் 1948.

அந்த வருஷம் இந்தியத் தொழிலாளர்களுக்காக இரண்டு பெரிய சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, தொழிற்சாலைகள் சட்டம். இன்னொன்று, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் ஈஎஸ்ஐ என்று சொல்வது. அதே 1948இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர்கள் ஐரா ஹிர்ஷ், ஜே.சி.ஆர். லிக்லைடர், லாய்ட் ஜெஃப்ரஸ். நம்முடைய மூளை இரண்டு காதிலிருந்தும் வருகிற ஒலியை எப்படி ஒன்றாக்குகிறது, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை எப்படிப் பிரித்தெடுக்கிறது என்ற கேள்விக்கு இன்று நாம் சொல்லும் பதில் பெரும்பாலும் அந்த மூன்று கட்டுரைகளிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் விஞ்ஞானம். ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டும் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் சரியாகச் சந்தித்துக்கொள்ளவில்லை. அதனால் நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று கேட்டால், சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறி ஓட்டுகிற ஜனங்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

சங்கு ஊதிய ஊர்

கோயம்புத்தூரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. தொடக்கம் 1888. ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த கோயம்புத்தூர் நூற்பு நெசவு ஆலை, ஊர்க்காரர் வாயில் ‘ஸ்டேன்ஸ் மில்’. சுற்றுவட்டாரக் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மில்கள் பெருகியது அதற்கு நாற்பது வருஷம் கழித்துத்தான். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, மின்சாரம் மலையிறங்கி வந்தது. பீளமேடு, சிங்காநல்லூர் என்று வரிசையாக மில்கள் எழுந்தன. மில் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்த காலம் அது. 1956இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிட்ரா, இங்கேயே வந்தது.

கோவை நகர மில்களில் பெரும்பாலும் நடந்தது நூற்பு. நெசவு, நகரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கைத்தறியாக இருந்து, பிறகு விசைத்தறியாக மாறியது. சத்தத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நூற்பு இயந்திரம் ஒரே சீராக இரையும். விசைத்தறி அடிக்கும். நாடா என்கிற கட்டை இருக்கிறதே, ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு பாவுக்குள் ஓடுவது, அதை இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து அடித்து விரட்டுகிறது. மறுபக்கம் போய் மோதி நிற்கிறது. அங்கேயிருந்து திரும்ப அடி. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கும். ஒரு தறிக்கே இப்படி என்றால், ஒரு தறிக்குடோனில் எட்டு, பத்து, இருபது தறிகள். மேலே சிமெண்ட் ஷீட் அல்லது ஓடு. சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வரும்.

இதை எண்ணில் சொல்லலாம். ஒரு மீட்டர் தூரத்தில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். நாடா ஓடும் தறிக்கூடத்தில் 95, 100 டெசிபல் என்பது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிற அளவு. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடும். அப்படியென்றால் 60க்கும் 100க்கும் நடுவே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அந்த இடத்தில் பேச்சு வேலைக்காகாது. கை ஜாடை, உதட்டசைவு, காதுக்குள் வாயை வைத்துக் கத்துவது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் லங்காஷயர் மில் பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவதற்கு ‘மீ-மா’ என்று ஒரு பேரே வைத்திருந்தார்கள்.

சட்டத்தில் எச்சில் தொட்டி இருந்தது, சத்தம் இல்லை

இப்போது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திறந்து பார்ப்போம். தொழிலாளர் ஆரோக்கியம் என்றே அதில் ஒரு தனி அத்தியாயம், 11ஆம் பிரிவிலிருந்து 20ஆம் பிரிவு வரை. என்னென்ன இருக்கிறது? சுத்தம், கழிவு அகற்றல், காற்றோட்டம், தூசி, செயற்கை ஈரப்பதம், ஆள் நெரிசல், வெளிச்சம், குடிநீர், கழிப்பறை, கடைசியாக எச்சில் துப்பும் தொட்டி. செயற்கை ஈரப்பதம் எதற்கு என்றால், முக்கியமாக ஜவுளி மில்லுக்காகத்தான். நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றை ஈரமாக வைப்பார்கள். அதற்குத் தனிப்பிரிவு இருக்கிறது. எச்சில் தொட்டிக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. சத்தத்துக்கு அந்த அத்தியாயத்தில் இடமே இல்லை.

கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் காசநோய் பெரிய எதிரி. எச்சில் தொட்டியால் உயிர்கள் பிழைத்திருக்கும். ஆனால் சத்தத்தால் காது போகும் என்பது அப்போது யாருக்குமே தெரியாத விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. இத்தாலிய மருத்துவர் ராமஸினி, 1700களின் தொடக்கத்திலேயே செம்பு தட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாவதை எழுதிவைத்தார். கிளாஸ்கோ மருத்துவர் தாமஸ் பார், 1886இல் கொதிகலன் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்துக் காட்டினார். நெசவுக்கென்றே வந்த பெரிய ஆய்வு 1965இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரச் சணல் நெசவாளர்களைப் பற்றியது. வருஷக்கணக்கில் அதே தறிகளோடு வேலை செய்த பெண்களைச் சோதித்தார்கள். வேலை செய்த வருஷம் கூடக் கூட, கேட்கும் திறன் எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்பது வரைபடமாகவே கிடைத்தது.

இந்தியாவிலும் சட்டம் பிறகு கொஞ்சம் நகர்ந்தது. இரைச்சலால் வரும் கேள்விக் குறைபாடு, ஈஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இடம்பிடித்தது. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம் என்று மாதிரி விதிகளில் வரம்பும் வந்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998இல் பரிந்துரைத்த வரம்பு இன்னும் கடுமை. அதன்படி 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் இருக்கலாம். நம் பக்கம் தறிக்குடோன்களில் 12 மணி நேர ஷிஃப்ட் சர்வ சாதாரணம்.

சரி, பட்டியலில் சேர்த்துவிட்டார்களே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். பிரச்சினை, இழப்பை எப்படி அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அந்த மூன்று கட்டுரைகளுக்குப் போக வேண்டும்.

“கேக்குதுங்க, ஆனா புரியலைங்க”

அதற்கு முன்னால் ஒரு விஷயம். பல வருஷம் தறி ஓட்டியவர்கள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். வீட்டுத் திண்ணையில் ஒருத்தர் எதிரே உட்கார்ந்து பேசினால் அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும். கல்யாணப் பந்தியில், சந்தையில், பஸ் ஸ்டாண்டில் பேசினால் திருதிருவென்று முழிப்பார். வீட்டில் என்ன சொல்வார்கள்? “அவருக்கு வேணுங்கறது மட்டும் காது கேக்கும்!” அவரைக் கேட்டால், “சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலைங்க” என்பார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அமைதியில் கேட்பது ஒரு வேலை. இரைச்சலில் கேட்பது வேறொரு வேலை. இரண்டாவது வேலையை முடிக்க இரண்டு காதும், அவற்றுக்கு நடுவே இருக்கிற மூளையும் சேர்ந்து உழைக்க வேண்டும்.

ஒரு தலை, இரண்டு காது, லட்சத்தில் ஒரு பங்கு நொடி

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? 1907இல் ஆங்கிலேய இயற்பியலாளர் லார்ட் ரேலி இதற்கு ஒரு தெளிவான பதிலை வெளியிட்டார். கிரீச்சென்ற, அதிர்வெண் கூடிய ஒலியாக இருந்தால் நம் தலையே ஒரு தடுப்புச் சுவர். ஒலி வருகிற பக்கத்துக் காதில் சத்தம் கூடுதலாகவும், தலைக்கு மறைவான காதில் குறைவாகவும் விழும். கனத்த, அதிர்வெண் குறைந்த ஒலி தலையைச் சுற்றி வளைந்து போய்விடும். அதற்கு நேரம்தான் துப்பு. இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம்.

எவ்வளவு வித்தியாசம்? ஒலி சரியாகப் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு, சுமார் 0.6 அல்லது 0.7 மில்லி நொடி. நல்ல காது உள்ளவர்கள் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம் அதைவிட எவ்வளவோ குறைவு: ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நரம்புத் துடிப்பே அதைவிடப் பல மடங்கு நீளமானது. அப்படியிருக்க மூளை இதை எப்படி அளக்கிறது?

1948இல் லாய்ட் ஜெஃப்ரஸ் ஒரு யோசனை சொன்னார். இரண்டு காதிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைத்தண்டில் எதிரெதிராக வந்து சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வரிசையாக நரம்பணுக்கள். ஒவ்வோர் அணுவும் இரண்டு பக்கச் செய்தியும் ஒரே நேரத்தில் வந்தால்தான் துடிக்கும். இடது காதுக்கு ஒலி முந்தி வந்தால், அந்தச் செய்தி கொஞ்சம் அதிக தூரம் போன பிறகே வலது காதின் செய்தியைச் சந்திக்கும். ஆக, எந்த அணு துடிக்கிறதோ அதுதான் திசை. காங்கேயத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஒரே வேகத்தில் இரண்டு பஸ் புறப்படுகிறது, எந்த ஊரில் எதிரெதிரே சந்திக்கின்றன என்பதைப் பார்த்தே எது முதலில் கிளம்பியது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அந்த மாதிரி. பிற்பாடு, கூகை ஆந்தையின் மூளையில் கிட்டத்தட்ட இதே அமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மனிதர் போன்ற பாலூட்டிகளில் இது அப்படியே இருக்கிறதா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஆனால் மூளைத்தண்டில் ஓரிடத்தில் இரண்டு காதின் செய்திகளும் மிகத் துல்லியமாக ஒப்பிடப்படுகின்றன என்பதில் சந்தேகம் இல்லை.

இரைச்சலைக் கூட்டினால் நன்றாகக் கேட்குமா?

அடுத்தது ஐரா ஹிர்ஷும் லிக்லைடரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒலி ஆய்வகம் நடந்தது. போர் விமானத்தின் இரைச்சலில் விமானிகள் எப்படிப் பேசிக்கொள்வது என்பது அங்கே பெரிய கேள்வி. இந்த இரண்டு பேரும் அந்தச் சூழலில் வேலை செய்தவர்கள். லிக்லைடர் பிற்பாடு 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இருந்துகொண்டு, இணையத்துக்கு வித்திட்ட ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியவர். அதே ஆள்தான்.

ஹிர்ஷ் செய்த சோதனையைக் கவனமாகக் கேளுங்கள். ஒருவருக்கு ஹெட்ஃபோன் மாட்டுகிறார்கள். இரண்டு காதிலும் ஒரே இரைச்சல். அதற்குள் மெல்லிய ஒரு ‘ஊ’ என்ற ஒலி, அதுவும் இரண்டு காதிலும் ஒரே மாதிரி. இரைச்சல் அதை மூழ்கடித்துவிடுகிறது. கேட்கவில்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றம். இரைச்சலைத் தொடுவதில்லை. அந்த ‘ஊ’ ஒலியை மட்டும் ஒரு காதில் தலைகீழாக்குகிறார்கள். அதாவது, இடது செவிப்பறையை அந்த ஒலி உள்ளே தள்ளும் நொடியில், வலது செவிப்பறையை வெளியே இழுக்கும். ஒலியின் அளவு கூடவில்லை, குறையவில்லை. ஆனால் திடீரென்று அது தெளிவாகக் கேட்கிறது! சுமார் 15 டெசிபல் வரைக்கும் லாபம். ஆற்றல் கணக்கில் சொன்னால், முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு ஒலியைக் குறைத்தாலும் கேட்கும். லிக்லைடர் இதே மாதிரி ஒரு விளைவைப் பேச்சிலும் காட்டினார். லாபம் சிறிதுதான், ஆனால் இருந்தது.

இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கை. வலது காதில் மட்டும் இரைச்சல், அதற்குள் மூழ்கிப்போன மெல்லிய ஒலி. கேட்கவில்லை. இப்போது சும்மா இருக்கிற இடது காதிலும் அதே இரைச்சலைப் போடுகிறார்கள். வெறும் இரைச்சல் மட்டும், ஒலி இல்லை. என்ன ஆகும்? வலது காதிலிருந்த ஒலி கேட்க ஆரம்பிக்கிறது. இரைச்சலைக் கூட்டினால் கேட்கிறது!

எப்படி? 1963இல் நதானியேல் டர்லாக் ஒரு விளக்கம் தந்தார். மூளை முதலில் இரண்டு காதிலும் வரும் இரைச்சலைச் சமன்படுத்துகிறது. பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. இரண்டிலும் பொதுவாக இருக்கிற இரைச்சல் கழிந்துபோகிறது. பொதுவாக இல்லாதது, அதாவது நமக்கு வேண்டிய குரல், மிஞ்சுகிறது. கழித்தல் கணக்குக்கு இரண்டு எண் வேண்டும் இல்லையா? ஒரே காது என்றால் கழிக்க எதுவும் இல்லை.

1953இல் காலின் செர்ரி இதையே அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரி இரண்டு காதிலும் போட்டால், பிரித்தெடுக்கப் படாதபாடு படுகிறார்கள். ஆளுக்கொரு காதில் போட்டால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை எளிதாக விட்டுவிடுகிறார்கள். ‘காக்டெயில் பார்ட்டிப் பிரச்சினை’ என்று அவர் சொன்னது உலகப் பிரசித்தம். நம் ஊருக்கு ‘பந்திப் பிரச்சினை’ என்று வைத்துக்கொள்ளலாம். பந்தியில் இருநூறு பேர், நாதஸ்வரம், பாத்திரச் சத்தம். அதற்கு நடுவே பக்கத்து இலைக்காரர், “மாப்ள, ரசம் சொல்லட்டுங்களா?” என்று கேட்பது நமக்குக் கேட்கிறது என்றால், மூளைத்தண்டில் அந்தக் கழித்தல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தறி எதை எடுத்துப் போகிறது?

நம் உட்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். மனிதருக்கு இவை போனால் திரும்ப முளைப்பதில்லை. தொடர் இரைச்சல் முதலில் கடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சின் உயிரெழுத்துகள் கனத்த ஒலிகள், அவை தப்பிவிடும். மெய்யெழுத்துகளின் நுணுக்கமான வெடிப்பும் உரசலும் இருப்பது மேல் பகுதியில். ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தின் வெடிப்பு காதில் விழாவிட்டால், மூன்றும் ‘அட்டு’. அமைதியான வீட்டில் முகத்தைப் பார்த்து, சந்தர்ப்பத்தை வைத்து ஊகித்துவிடலாம். சந்தையில் முடியாது.

அத்தோடு, இரண்டு காதுகளை ஒப்பிடும் கணக்கும் கெடுகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் செய்தி துல்லியமாக இருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். காது பாதிக்கப்பட்டவர்களிடம், அதிலும் இரண்டு காதும் வேறுவேறு அளவில் பாதிக்கப்பட்டவர்களிடம், ஹிர்ஷ் கண்ட அந்த 15 டெசிபல் லாபம் சுருங்கிவிடுகிறது.

2009இல் இன்னொரு செய்தி வந்தது. ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பலத்த இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சில நாளில் கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது. மயிரணுக்களும் அப்படியே இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில், உட்காதின் சில பகுதிகளில், பாதி வரைக்கும் நிரந்தரமாக அழிந்துபோயிருந்தது. அமைதியில் சோதித்தால் காது ‘நார்மல்’, உள்ளே கம்பிகள் பாதி அறுந்திருக்கின்றன. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஆனால் ‘சோதனையில் பாஸ் ஆகிவிட்டார், அதனால் காதில் குறையில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

ஒரு விநோதத்தையும் கவனிக்க வேண்டும். தறிக்குடோனுக்குள் இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, சுவரில் பட்டு எதிரொலிக்கிறது. அங்கே இரண்டு காதின் லாபம் எப்படியும் குறைவு. எல்லோருமே ஜாடையில்தான் பேசுகிறார்கள், அதனால் யாருக்குக் காது மந்தம் என்று யாருக்கும் தெரிவதில்லை. இழப்பு வெளியே தெரிவது வேலைக்கு வெளியேதான். லீவு நாளில், விசேஷ வீட்டில், பேரப்பிள்ளைகள் கூட்டத்தில். அதனால்தான் அது தொழில்நோயாகத் தெரியாமல், வயசானதால் வந்த மந்தமாகவோ, ஆளின் குணமாகவோ தெரிகிறது.

ஐந்துக்கு ஒன்று

இப்போது சட்டத்துக்குத் திரும்புவோம். 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம், கேள்விக் குறைபாட்டை எப்படி வரையறுத்தது? இரண்டில் நன்றாக இருக்கிற காதில், பேச்சுக்குரிய அதிர்வெண்களில் 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் இழப்பு. 2016ஆம் வருஷத்துச் சட்டம், இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’, அதற்கு மேல் ‘காது கேளாதவர்’ என்றது. சதவீதம் போடுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. நல்ல காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: காது என்பது தனித்தனிச் சாமான், நல்லதற்கு ஐந்து பங்கு மதிப்பு, மோசமானதற்கு ஒரு பங்கு, கூட்டினால் ஆள் கணக்கு வந்துவிடும். 1948இல் ஹிர்ஷ் காட்டியது இதற்கு நேர் எதிர். இரண்டு காது சேர்ந்து செய்யும் வேலை, தனித்தனிக் காதுகளின் கூட்டுத்தொகையில் வராது. அது கழித்தலில் வருகிறது. மேலும், சோதனை நடப்பதே அமைதியான அறையில், ஒரு காதுக்குப் பின் ஒரு காதாக, ‘பீப்’ ஒலியை வைத்து. அந்தச் சோதனை தவறானது என்று சொல்ல வரவில்லை. அது கட்டாயம் தேவை. ஆனால் அது கேட்கிற கேள்வி வேறு.

ஒரு உதாரணக் கணக்கு. ஒருவருக்கு 500, 1000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 2000இல் 30, 4000இல் 60 டெசிபல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். தறிச் சத்தத்தால் வரும் இழப்பின் சாயல் இது. நான்கின் சராசரி 32.5. அறுபதுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சட்டப்படி இவருக்கு ஊனம் இல்லை. ஆனால் பந்தியில் ‘கட்டு’க்கும் ‘பட்டு’க்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்கு முன்னாடியே இன்னொரு வாசல் அடைத்திருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் 1948ஆம் வருஷத்துச் சட்டத்தில் அது ‘தொழிற்சாலை’. 2020ஆம் வருஷத்துப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த எண்ணை 20 ஆக உயர்த்தியது. நம் பக்கம் தறிக்குடோனில் ஒரு ஆளே பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஒரு குடோனில் மூன்று பேர், நாலு பேர். பல இடங்களில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையே அல்ல. சத்தம் மட்டும் அதே சத்தம்.

1948 திரும்பி வருகிறது

கதையை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. ஹிர்ஷின் பழைய வித்தை சமீபத்தில் ஒரு செல்ஃபோன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்வார்கள், கேட்டதை ஃபோனில் அழுத்த வேண்டும். சரியாகச் சொன்னால் எண்ணின் சத்தம் குறையும், தப்பாகச் சொன்னால் கூடும். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நெதர்லாந்தில் டெலிஃபோனில் தொடங்கியது, 2016இல் தென்னாப்பிரிக்காவில் செல்ஃபோன் செயலியானது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனமும் இதே முறையில் ஒரு செயலியை வெளியிட்டது.

2020இல் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். இரைச்சல் இரண்டு காதிலும் ஒரே மாதிரி. எண்களை மட்டும் ஒரு காதில் தலைகீழாக்கினார்கள். ஆமாம், 1948இல் செய்த அதே தலைகீழ். பழைய முறையில், ஒரு காது நன்றாக இருந்தால் அதை வைத்துச் சமாளித்து பாஸ் ஆகிவிடலாம். புதிய முறையில் இரண்டு காதும் சேர்ந்து உழைத்தால்தான் நல்ல மதிப்பெண் வரும். ஒரு காதில் மட்டும் குறை இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும். சத்தம் புகாத அறை வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். இது முழுச் சோதனைக்கு மாற்று கிடையாது. யாருக்கு முழுச் சோதனை தேவை என்று சல்லடை போட்டுத் தரும், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ, ஒரு லீவு நாளில், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பத்து ஃபோன், பத்து ஹெட்ஃபோன், தமிழில் பதிவு செய்த எண்கள். ‘ஒண்ணு, ஏழு, நாலு.’ ஒவ்வொரு வருஷமும் அதே ஆளின் மதிப்பெண்ணைக் குறித்து வைத்தால், காது முழுக்கப் போவதற்கு முன்பே தெரிந்துவிடும். கண் பரிசோதனை முகாம் நடத்துகிற ஊர்களுக்கு இது புது வேலையே அல்ல.

வீட்டில் இப்போதே செய்யக்கூடியதும் இருக்கிறது. தறிக்குப் போகிறவர் காதடைப்பான் போட வேண்டும். தறியில் நூல் அறுந்தது, நாடா சிக்கியது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது முதலில் சிரமமாக இருக்கும். ஆனால் அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் குறைக்குமே தவிர, தாளம் மாறியதை மறைத்துவிடாது. பழகினால் பிடிபடும். இரண்டு காதும் மந்தமாகிவிட்டவருக்குக் கருவி வாங்குவதாக இருந்தால், ‘ஒரு காதுக்குப் போதும்’ என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டுக்கும் போட்டுப் பார்க்க முடியுமா என்று பரிசோதகரிடம் கேளுங்கள். விசேஷ வீட்டில் அவரைச் சுவரோரமாக, ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கமாக உட்கார வையுங்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து, முகம் பார்த்துப் பேசுங்கள்.

முக்கியமாக, “வேணுங்கறது மட்டும் காது கேக்கும்” என்று சொல்வதை நிறுத்துங்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இருபது, முப்பது வருஷம் நாடா அடித்த அடியில், மூளை போடுகிற ஒரு கழித்தல் கணக்குக்கு வேண்டிய எண்கள் அழிந்துபோயிருக்கின்றன. நாம் கட்டியிருக்கிற வேட்டியிலும், மெத்தை உறையிலும், கைக்குட்டையிலும் அந்தக் கணக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ தறி ஓட்டியவர்கள் இருந்தால், இந்தப் பகுதியை அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு.